அடிக்கடி நோய் வர்ற குழந்தைங்க மூளை வளர்ச்சி நிஜமாவே பாதிக்குமா, இல்ல எல்லாம் வறுமையோட வேலையா?

கேள்விப்பித்தன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வீடியோ பார்த்தேன், அதுல ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, சின்ன வயசுல திரும்ப திரும்ப தொத்து நோய் வந்தா மூளைக்குப் போக வேண்டிய சக்தி எல்லாம் நோயை எதிர்க்கவே செலவாகிடும், ஏழை நாட்டு பசங்க படிப்புல பின்தங்கறதுக்கு அதுதான் முக்கிய காரணம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழ கமெண்ட்ல இன்னொருத்தர் வந்து, யோவ் நோய் எல்லாம் சாக்கு, சாப்பாடு இல்ல, வீட்ல பேச ஆள் இல்ல, அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்கு ஓடறாங்க, அதுதான் காரணம்னு சண்டை போடறாரு. ரெண்டு பேர் சொல்றதும் சரி மாதிரியே இருக்கு.

எனக்கு தெரிய வேண்டியது இதான். காய்ச்சல், வயித்துப்போக்கு இதெல்லாம் மூளையைத் தொடுமா, தொட்டா எந்த வழியில? நோயும் வறுமையும் எப்பவும் ஜோடியாத்தான் வருது, அப்போ எது காரணம்னு எப்படிப் பிரிச்சு சொல்றாங்க? அப்புறம் கடைசியா ஒண்ணு, இது கொஞ்சம் சொந்த விஷயம், நான் சாயங்காலம் 8, 9 வயசு பசங்களுக்கு சும்மா பாடம் சொல்லிக் கொடுக்கறேன், எல்லாம் கஷ்டப்பட்ட வீட்டுப் பசங்க. முதல் ரெண்டு வருஷத்துல போனது போனதுதான்னா நான் இப்ப செய்யறதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா?

வார்டு டியூட்டி:

குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன், தெரிஞ்சதை சொல்றேன்.

மொதல்ல சக்தி கணக்கு. பச்சக்குழந்தை சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவு பண்ற சக்தியில கிட்டத்தட்ட 87 சதவீதம் மூளைக்கே போகுதுன்னு ஒரு கணக்கு இருக்கு, பெரியவங்களுக்கு அது கால்வாசிக்கும் கம்மி. 2014ல வந்த ஒரு ஆய்வுல, மூளை குளுக்கோஸ் எடுக்கறது 4, 5 வயசு வாக்குல உச்சத்துக்குப் போகுது, சரியா அந்த நேரத்துலதான் உடம்பு வளர்ற வேகம் ரொம்ப குறையுதுன்னு காட்டினாங்க. அதாவது உடம்பே மூளைக்கு முன்னுரிமை கொடுத்து மத்ததை நிறுத்தி வைக்குது. இந்த நிலைமையில ஒரு குழந்தைக்கு காய்ச்சல் வந்தா, ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் சக்தி செலவு பத்து சதவீதத்துக்கு மேல கூடும், பசி போயிடும், வயித்தால போச்சுன்னா உள்ள போனதும் நிக்காது. நல்லா சாப்பிடற குழந்தைன்னா அடுத்த ரெண்டு மூணு வாரத்துல சேர்த்து சாப்பிட்டு ஈடு கட்டிடும். ஈடு கட்டறதுக்குள்ள அடுத்தது வந்தா? அதுக்கப்புறம் இன்னொண்ணு? அதுதான் பிரச்சனை, ஒத்த காய்ச்சல் கிடையாது.

ஆனா வீடியோக்காரர் சொன்னா மாதிரி இது வெறும் கலோரி விஷயம் மட்டும் இல்ல. எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படறது இரும்புச்சத்து. கிருமிக்கு பெருக இரும்பு வேணும், அதனால அழற்சி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பற எதிர்ப்பு, வந்தாலே கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோனை விடும், அது குடல்ல இருந்து இரும்பு உள்ள வர்ற வழியை அடைச்சிடும், உள்ள இருக்கறதையும் செல்லுக்குள்ளயே பூட்டி வெச்சிடும். கிருமியை பட்டினி போடற தந்திரம். ஒரு வாரம் நடந்தா புத்திசாலித்தனம், மாசக்கணக்குல நடந்தா குழந்தையோட மூளையும் சேர்ந்து பட்டினி கிடக்கும், ஏன்னா நரம்பு மேல உறை போடறதுக்கும் டோபமைன்ங்கற மூளை ரசாயனம் உண்டாகறதுக்கும் அதே இரும்புதான் வேணும். நீங்க டானிக் கொடுத்தாலும் அழற்சி இருக்கற வரைக்கும் சரியா சேராது. இன்னொண்ணு, அழற்சியில ஐஎல் 6 மாதிரி சமிக்ஞைகள் ரத்தத்துல ஓடிட்டே இருக்கும், அது வளர்ச்சிக்கான ஐஜிஎஃப் 1 ஹார்மோனை இறக்கி விடும். மூளையில மைக்ரோக்ளியான்னு காவலாளி செல் இருக்கு, சாதாரணமா அது தேவையில்லாத நரம்பு இணைப்பை வெட்டி ஒழுங்கு பண்ற வேலையையும் பாக்குது, தொடர்ந்து அழற்சி இருந்தா அது போற போக்கும் மாறுதுன்னு விலங்குகள் மேல செஞ்ச சோதனைகள்ல பாத்திருக்காங்க.

குடலும் இருக்கு. சுத்தமில்லாத இடத்துல வளர்ற குழந்தைங்களுக்கு பேதியே இல்லாட்டியும் சிறுகுடலோட உள் மடிப்புகள் தேஞ்சு தட்டையாயிடும், சத்து உறிஞ்சாது, கிருமித் துணுக்கு ரத்தத்துல கசியும். வெளில பாத்தா குழந்தை நல்லாத்தான் இருக்கும், எடையும் உயரமும்தான் காட்டிக் கொடுக்கும்.

இதெல்லாம் மெதுவா நடக்கறது. நேரா மூளையையே அடிக்கற நோய்ங்க தனி, மூளை உறைக் காய்ச்சல், மூளை மலேரியா, கர்ப்பத்துல வர்ற ருபெல்லா, சைட்டோமெகாலோ வைரஸ், 2015ல பிரேசில்ல ஸிக்கா. உகாண்டாவுல மூளை மலேரியா வந்து பிழைச்ச பசங்களை 2 வருஷம் கழிச்சு சோதிச்சு பாத்தாங்க, நாலுல ஒரு குழந்தைக்கு சிந்திக்கற திறன்ல குறை இருந்துச்சு. ‘பிழைச்சிடுச்சு, கடவுள் புண்ணியம்’னு டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிடுவோம், அதுக்கப்புறம் அந்தக் குழந்தை எப்படி படிக்குதுன்னு யாரும் பாக்கறதில்ல.

மண்ணுல வளர்ந்தவன்:

நாங்கெல்லாம் மண்ணுல புரண்டு, கிடைச்ச தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவங்க, எங்களுக்கு மூளை வளரலையா? இப்ப எல்லாத்துக்கும் பயமுறுத்தல்.

வார்டு டியூட்டி:

அண்ணே, இங்க வந்து எழுதறவங்க தேறி வந்தவங்க. தேறாம போனவங்க இந்த திரியில பதில் போட மாட்டாங்க. மண்ணு பிரச்சனை இல்ல, மண்ணுல மலம் கலந்திருக்கறதுதான் பிரச்சனை.

சராசரி மனிதன்:

நர்ஸ் மேடம் சொன்ன உடம்பியல் எல்லாம் சரி, ஆனா ‘நடக்க வாய்ப்பிருக்கு’ங்கறதும் ‘இதனாலதான் நடந்துச்சு’ங்கறதும் ஒண்ணு இல்ல, கேள்வி கேட்டவர் ரெண்டாவதா கேட்டது அதைத்தான், அதுக்கு வரேன். நான் புள்ளிவிவரத்துல பொழப்பு நடத்தறவன், அதனால கொஞ்சம் கடுப்பா பேசுவேன், பொறுத்துக்கோங்க.

அந்த வீடியோவோட மூலம் 2010ல நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல இருந்து வந்த ஒரு கட்டுரையாத்தான் இருக்கணும். ஒவ்வொரு நாட்டோட சராசரி ஐக்யூவையும் தொத்து நோய் சுமையையும் வெச்சு கோடு போட்டாங்க, தொடர்பு பயங்கரமா வந்துச்சு. ஆனா அதுல எடுத்த நாட்டு ஐக்யூ எண்கள் பல நாடுகளுக்கு சின்ன சின்ன கும்பலை வெச்சு, சில இடத்துல பக்கத்து நாட்டு எண்ணைப் பாத்து போட்டதுன்னு பலபேர் கிழிச்சிருக்காங்க. அதோட நாடு நாடா ஒப்பிட்டா பணம், பள்ளிக்கூடம், நோய் எல்லாம் ஒண்ணாத்தான் ஏறும் இறங்கும், எதையும் பிரிக்க முடியாது. அந்தக் கட்டுரையை வெச்சு முடிவு கட்டறது எனக்கு ஒப்பாது.

பிரிக்கணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, நோயை மட்டும் திடீர்னு எடுத்துட்டு என்ன ஆகுதுன்னு பாக்கறது. அமெரிக்காவோட தெற்கு மாகாணங்கள்ல 1910 வாக்குல பள்ளி வயசு பசங்கள்ல 40 சதவீதம் பேருக்கு குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் உறிஞ்சற கொக்கிப்புழு இருந்துச்சு, அப்போ அந்த ஊர் பசங்களை பிறவி சோம்பேறின்னே மத்தவங்க கேலி பண்ணிட்டு இருந்தாங்க. ராக்ஃபெல்லர்ங்கற பெரும் பணக்காரர் கொடுத்த பணத்துல ஒரு கமிஷன் 1915 வரைக்கும் ஊர் ஊரா போய் மருந்து கொடுத்தாங்க. பின்னாடி பொருளாதார நிபுணர் ஹோய்ட் பிளீக்லி பழைய கணக்கெடுப்புகளைத் தோண்டினாரு, எங்க புழு அதிகமா இருந்துச்சோ அங்கதான் அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போறதும் எழுத்தறிவும் அதிகமா கூடியிருக்கு, அந்தக் குழந்தைங்க பெரியவங்களாகி சம்பாதிச்சதும் கூட. அப்போ குடும்பத்துக்கு யாரும் பணம் கொடுக்கல, புழுவை மட்டும்தான் எடுத்தாங்க. நல்ல ஆதாரம்.

உடனே சந்தோஷப்பட வேண்டாம். இப்ப நடந்த ஆய்வுகள்ல குடல் புழு மாத்திரையை எல்லாருக்கும் மொத்தமா கொடுத்தா அறிவுத்திறன் கூடுதான்னு தொகுத்து பாத்தா பெருசா ஒண்ணும் தேறல, அதுக்காக பொருளாதாரக்காரங்களும் மருத்துவக்காரங்களும் போட்ட சண்டைக்கு ‘புழுப் போர்’னே பேர் வந்துடுச்சு. சுத்தம் விஷயமும் அப்படித்தான். பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வேன்னு மூணு நாட்டுல ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு கழிப்பறை, கை கழுவ வசதி, தண்ணிக்கு குளோரின் எல்லாம் கொடுத்து பாத்தாங்க, 2018 வாக்குல முடிவு வந்துச்சு, பங்களாதேஷ்ல பேதி குறைஞ்சுது ஆனா குழந்தைங்க உயரம் எங்கயுமே கூடல, சத்துணவு கொடுத்த பிரிவுல மட்டும் கொஞ்சூண்டு கூடுச்சு. பல கோடி செலவு பண்ணின சோதனை, நிறைய பேர் முகம் தொங்கிப் போச்சு.

இன்னொரு வழி, அதே ஊர்ல ஒரே மாதிரி ஏழைக் குழந்தைங்களை பிறந்ததுல இருந்து தொடர்ந்து பாக்கறது. பிரேசில்ல ஃபோர்ட்டலேசா குடிசைப்பகுதியில ரிச்சர்ட் கெரான்ட் குழு பல வருஷம் அதைச் செஞ்சாங்க. முதல் 2 வருஷத்துல பேதி அதிகமா வந்த குழந்தைங்க 6 வயசுக்கு மேல சிந்தனைத் திறன் சோதனையில கீழ இருந்தாங்க, பள்ளிக்கூடத்துல சேர்றதே தாமதமாச்சு. அம்மாவோட படிப்பைக் கணக்குல எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு போகல. அதனால நோய்க்கு பங்கு இருக்கு, அதை நான் மறுக்கல. ‘முக்கிய காரணம் நோய்தான்’ங்கற வரிக்குத்தான் நான் கையெழுத்து போட மாட்டேன்.

நிலாம்மா:

இதை எல்லாம் படிச்சு எனக்கு வயித்தை கலக்குது. என் பொண்ணுக்கு ஒண்ணே கால் வயசு, கிரீச்சுக்கு போக ஆரம்பிச்சதுல இருந்து மூக்கு ஒழுகாத நாளே இல்ல, நடுவுல ரெண்டு தடவை வயித்தால போச்சு. அவ மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா அக்கா ப்ளீஸ் சொல்லுங்க

வார்டு டியூட்டி:

தங்கம், நீ மொதல்ல மூச்சு விடு. கிரீச்சுக்கு போற குழந்தைக்கு வருஷத்துக்கு எட்டு, பத்து சளி வர்றது சாதாரணம். நோய் விட்டதும் நல்லா சாப்பிடறாளா, எடை அட்டையில போடற கோடு மேல போயிட்டு இருக்கா, உன்னைப் பாத்து சிரிக்கறா, சத்தம் வந்தா திரும்பறா, கை காட்டி கேக்கறா, இதெல்லாம் இருந்தா ஒண்ணும் ஆகல. நாங்க இங்க பேசறது எடைக் கோடு மாசக்கணக்கா படுத்தே கிடக்கற குழந்தைங்களைப் பத்தி. வயித்தால போகும்போது ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும் கொடு, தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாத, அதுதான் நிறைய பேர் பண்ற தப்பு, ‘வயித்துக்கு ரெஸ்ட்’னு பட்டினி போடறது. தடுப்பூசி தேதி தவறாம போடு, ரோட்டா, நிமோகாக்கல், தட்டம்மை எல்லாம். தட்டம்மை வந்து போனா பழைய கிருமிங்க பத்தி உடம்பு வெச்சிருந்த ஞாபகத்தையே அழிச்சிட்டு போகும், அதுக்கப்புறம் மாசக்கணக்குல ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், அதனால அந்த ஊசி ரெண்டு மடங்கு முக்கியம்.

திண்ணைப்பேச்சு:

எல்லாரும் நோயையே பேசறீங்க. நோயே அவ்வளவா இல்லாத பணக்கார நாட்டுலயும் ஏழைக் குழந்தைங்க மூளையில வித்தியாசம் தெரியுதே, அதுக்கு என்ன சொல்றீங்க? அமெரிக்காவுல 2013ல வந்த ஒரு ஆய்வுல குழந்தைங்களை 5 மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் திரும்ப திரும்ப எம்ஆர்ஐ எடுத்தாங்க. ஆரம்பத்துல ஏழை, பணக்காரக் குழந்தைங்க மூளை கிட்டத்தட்ட ஒரே மாதிரி, வளர வளரத்தான் ஏழைக் குழந்தைங்களோட க்ரே மேட்டர், அதாவது நரம்பு செல்கள் நிறைஞ்ச பகுதி, பின்தங்குது. 2015ல கிம்பர்லி நோபிள் குழு ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பாத்து, வருமானத்துக்கும் மூளை மேற்பரப்போட அளவுக்கும் தொடர்பு காட்டினாங்க, அதுலயும் ரொம்ப அடிமட்டத்துல இருக்கறவங்களுக்கு வருமானத்துல சின்ன வித்தியாசம்கூட மூளையில பெரிய வித்தியாசமா தெரிஞ்சுது. பயம், சத்தம், நெரிசல், தூக்கமில்லாம, நாளைக்கு என்னன்னு தெரியாம அம்மா இருக்கற நிலைமை, இதெல்லாம் குழந்தைக்கும் இறங்கும். கார்ட்டிசால்னு ஒரு மன அழுத்த ஹார்மோன் இருக்கு, அது கிருமியே இல்லாம வேலை செய்யும்.

சராசரி மனிதன்:

திண்ணை, இதுக்கும் அதே கேள்விதான், பணம் கொடுத்தா மாறுதா? அமெரிக்காவுல 1000 ஏழை அம்மாக்களை குலுக்கல்ல பிரிச்சு ஒரு பிரிவுக்கு மாசம் 333 டாலர், இன்னொண்ணுக்கு 20 டாலர் கொடுத்தாங்க, 2018ல ஆரம்பிச்சது. ஒரு வயசுல ஈஈஜி, அதாவது மூளை அலையைப் பதியற சோதனை, எடுத்தப்போ 333 பிரிவுல மூளை அலை கொஞ்சம் வேகமா இருக்குன்னு 2022ல செய்தி, பத்திரிகைங்க எல்லாம் குதிச்சுது. 4 வயசுல பாத்தா மொழியிலயோ நடத்தையிலயோ சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல.

திண்ணைப்பேச்சு:

நடுவுல கொரோனா வந்துச்சு, அரசாங்கம் எல்லாருக்கும் பணம் கொடுத்துச்சு, வாடகை வேற ஏறிப் போச்சு. மாசம் 333 டாலர் அந்த ஊர் வாடகைல எத்தனை நாளுக்கு வரும்? அதை வெச்சு ‘பணத்தால ஒண்ணும் ஆகாது’ன்னு முடிக்கறது நீங்க திட்டின அந்த ஐக்யூ கட்டுரை மாதிரியே இருக்கு.

சராசரி மனிதன்:

சரி, அது நியாயமான அடி. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லல, அந்தத் தொகைக்கு அந்த வயசுல தெரியலன்னு வெச்சுக்கோங்க.

வார்டு டியூட்டி:

ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. எதை மட்டும் தனியா கொடுத்தாலும் கொஞ்சம்தான் அசையுது, ஏன்னா குழந்தைக்கு எல்லாமே சேர்ந்து வருது. பசியா இருக்கற குழந்தைக்கு நோய் சீக்கிரம் பிடிக்குது, நோய் வந்தா பசி எடுக்கல, சோர்ந்து படுத்திருக்கற குழந்தை பேச்சுக் கொடுக்கறதில்ல, பதிலுக்கு சிரிக்காத குழந்தை கிட்ட வீட்ல உள்ளவங்களும் பேசறது குறைஞ்சிடுது. இந்தக் கடைசி விஷயத்தை வார்டுல கண்ணால பாக்கறேன், பாவம் அந்த அம்மாக்களைக் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. ஆய்வுல இதை தனித்தனி கட்டமா பிரிச்சு எந்தக் கட்டம் எத்தனை சதவீதம்னு கேட்டா, ஒண்ணோட பங்கு இன்னொண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

சேர்த்துப் பாத்த ஆய்வுன்னா எனக்குப் பிடிச்சது ஜமைக்கா. 1986ல சாலி கிரந்தம் மெக்ரிகர்ங்கற ஆய்வாளர் அந்த நாட்டுத் தலைநகர் கிங்ஸ்டன்ல 9 மாசத்துல இருந்து 2 வயசு வரைக்கும் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைங்களை எடுத்தாங்க. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் பவுடர், ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய் அம்மாவுக்கு குழந்தையோட எப்படி விளையாடறது, பேசறதுன்னு காட்டறது, ஒரு பிரிவுக்கு ரெண்டும், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்ல. ரெண்டு வருஷம். பொம்மை எல்லாம் வீட்ல கிடைக்கற தூக்கிப் போடற சாமான்ல செஞ்சதுதான். 20 வருஷம் கழிச்சு போய் பாத்தா, விளையாட்டு கிடைச்ச குழந்தைங்க மத்தவங்களைவிட 25 சதவீதம் அதிகமா சம்பாதிக்கறாங்க, வளர்ச்சி குன்றாத குழந்தைங்க அளவுக்கு எட்டிப் பிடிச்சிட்டாங்க. பால் பவுடரோட பலன் மட்டும் நீடிக்கல.

சராசரி மனிதன்:

அதுக்கு நேர் எதிரா குவாத்தமாலாவையும் சொல்லணும் மேடம். 1969ல இருந்து 1977 வரைக்கும் நாலு கிராமத்துல ரெண்டுக்கு புரதச்சத்து கஞ்சி, ரெண்டுக்கு சத்து ரொம்ப கம்மியான இனிப்பு பானம். ரெண்டு வயசுக்குள்ள கஞ்சி கிடைச்ச ஆண் குழந்தைங்க பெரியவங்களானதும் மணிக்கூலி 46 சதவீதம் அதிகம். பெண்களுக்கு கூலியில தெரியல, ஆனா பள்ளிப் படிப்பு ஒரு வகுப்புக்கு மேல கூடுச்சு. சாப்பாட்டுக்கும் நீண்ட காலப் பலன் இருக்கு, சீக்கிரமே கொடுத்தா.

கேள்விப்பித்தன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல. ஆனா எல்லா ஆய்வும் 2 வயசு, 3 வயசுன்னே வருது, எனக்கு உள்ளுக்குள்ள பக்குனு இருக்கு. என் பசங்க 8, 9. அவங்க கதை முடிஞ்சுதா?

திண்ணைப்பேச்சு:

முடியல. ருமேனியா அனாதை இல்லக் குழந்தைங்க ஆய்வை எல்லாரும் ‘2 வயசுக்கு மேல போனா அவ்வளவுதான்’னு மேற்கோள் காட்டுவாங்க. 136 குழந்தைங்க, பாதிப் பேரை குடும்பங்கள்ல வளர்க்க அனுப்பினாங்க, 2 வயசுக்குள்ள போனவங்களுக்கு ஐக்யூவும் மூளை அலையும் ரொம்ப நல்லா தேறுச்சு, அது உண்மைதான். ஆனா பின்னாடி போனவங்களும் இல்லத்துலயே இருந்தவங்களைவிட பல விஷயத்துல நல்லாத்தான் இருந்தாங்க. திட்டமிடறது, பொறுமையா இருக்கறது இதுக்கெல்லாம் உண்டான நெற்றிப்பகுதி மூளை 20 வயசு தாண்டியும் வளருது. நீங்க சொல்லிக் கொடுக்கறது அதுக்குத்தான் போகுது.

வார்டு டியூட்டி:

நான் வேற ஒண்ணு சொல்றேன், பாடத்தைவிட இது முந்தி. இந்தப் பசங்கள்ல சிலபேருக்கு மூளையில குறையே இருக்காது, காது கேக்காது. சின்ன வயசுல காதுல சீழ் வந்து வந்து, சரியா வைத்தியம் பாக்காம விட்டா செவிப்பறை ஓட்டையாகி கேக்கறது குறைஞ்சிடும், அதுவும் ஏழை வீடுகள்லதான் அதிகம். ஆஸ்திரேலியாவுல பூர்வகுடி குழந்தைங்களுக்கு இது பெரிய பிரச்சனை, வகுப்புல பாதி கேட்டும் கேக்காமலும் உக்காந்திருப்பாங்க, டீச்சர் ‘கவனமில்ல’ன்னு நினைப்பாங்க. உங்க பசங்க கிட்ட முகத்தை மறைச்சுக்கிட்டு மெதுவா பேர் சொல்லிக் கூப்பிட்டு பாருங்க, தலையை ஒரு பக்கமா சாச்சு கேக்கறானா, எப்பவும் திரும்ப சொல்லச் சொல்றானா, காதுல வாடை வருதா. அப்படி யாராச்சும் இருந்தா காது டாக்டர் கிட்ட அனுப்புங்க. கண்ணையும் பாருங்க. கண் இமையோட உள் பக்கம், நகம் வெளுத்திருந்தா ரத்தம் பாக்கச் சொல்லுங்க, இந்த வயசுலயும் ரத்த சோகையை சரி பண்ணினா கவனம் தேறும்.

கேள்விப்பித்தன்:

மேடம், இப்ப நீங்க சொன்னதும் ரெண்டு பசங்க முகம் ஞாபகம் வருது. ஒருத்தன் எப்பவும் என் இடது பக்கம்தான் உக்காருவான், மாத்தி உக்கார வெச்சா எந்திரிச்சு திரும்ப வந்துடுவான், நான் அடம்னு நினைச்சேன். அவங்க அம்மா கிட்ட எப்படி சொல்றது, பயந்துக்க மாட்டாங்களா?

வார்டு டியூட்டி:

‘படிப்பு வரல’ன்னு ஆரம்பிக்காதீங்க. ‘காதுல அழுக்கு அடைச்சிருக்கும் போல, ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம், நானும் கூட வரேன்’னு சொல்லுங்க. கூட வரேன்னு சொல்றதுதான் முக்கியம், அவங்களுக்கு ஒரு நாள் கூலி போகும், அங்க போய் யார்கிட்ட என்ன கேக்கணும்னு தெரியாது. போகும்போது இடது பக்கம் உக்கார்ற விஷயத்தை மறக்காம டாக்டர் கிட்ட சொல்லுங்க.